ஏலமலைச் சரிவில் இலக்கும் தலைமையும்: பெரியாற்றுத் திட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இலக்கு, மனப்பாங்கு, தலைமைப் பண்பு ஆகிய மூன்றும் தனிமனித வெற்றிக்கு அடிப்படை என்பது தன்னம்பிக்கை நூல்கள் வலியுறுத்தும் கருத்து. தேனி மாவட்டத்தில் இதற்கு எடுத்துக்காட்டாக மிகுதியும் சுட்டப்படுபவர் பெரியாறு அணையின் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். அரசு கைவிட்ட பின்னும் தன் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தவர் என்ற வழக்காறு அவரைச் சூழ்ந்துள்ளது. இவ்வழக்காற்றை 1789 முதல் 1895 வரையிலான திட்ட வரலாற்றோடு ஒப்பிடும் இக்கட்டுரை, அத்திட்டத்தின் இலக்கு ஒருவருடையதன்று; பலர் கைமாற்றி வந்தது என்பதை நிறுவ முயல்கிறது. அதே மலைத்தொடரில், போடிநாயக்கனூருக்கு மேலுள்ள சரிவில் ஜே. டி. மன்றோ மேற்கொண்ட தோட்ட முயற்சி ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஏலமலை, போடிநாயக்கனூர், பெரியாறு அணை, பென்னிகுயிக், மன்றோ, தலைமை, வழக்காறு, மலைத் தொழிலாளர்.

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே நோக்கினால் ஏலமலை ஒரு சுவராக நிற்பது தெரியும். அச்சுவரை மனிதர் கடந்த வழிகள் சிலவே. போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் செல்வது ஒன்று. கொட்டகுடி, குரங்கணி வழியாக மேலேறி இன்று டாப் ஸ்டேஷன் எனப்படும் முகட்டை அடைவது மற்றொன்று. தெற்கே கம்பம், கூடலூர் கடந்து குமுளிக்குச் செல்வது மூன்றாவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையில் நிகழ்ந்த பெருமுயற்சிகள் இரண்டு. ஒன்று மேற்கே பாய்ந்த ஆற்றைக் கிழக்கே திருப்பியது. மற்றொன்று காட்டைத் தோட்டமாக்கியது. இரண்டுக்கும் ஆளும் அரிசியும் பெருமளவு இக்கிழக்குச் சரிவின் வழிகளிலேயே ஏறின.

இவ்விரண்டில் மக்கள் நினைவில் நிலைத்தது முதலாவதே. தேனி மாவட்டத்துப் பள்ளி விழாக்களிலும் இளைஞர் பயிலரங்குகளிலும் விடாமுயற்சிக்கு உதாரணம் தேடும் பேச்சாளர் பென்னிகுயிக்கின் பெயரைச் சொல்லாமல் இறங்குவது அரிது. அப்பேச்சுகளில் வரும் கதையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே: ஓர் ஆங்கிலேயர் பஞ்சத்தைக் கண்டு மனம் வருந்தினார், அணை கட்ட முனைந்தார், வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று, அரசு மேற்கொண்டு பணம் தர மறுத்தது, அவர் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணத்தோடு திரும்பி அணையை முடித்தார். கேட்பவர் நெஞ்சைத் தொடும் கதை இது. ஆயினும் வரலாற்று மாணவர் இதைக் கேட்டுவிட்டு எழுந்து செல்ல இயலாது. இக்கதை எங்கிருந்து வந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்னும் இரு வினாக்கள் எஞ்சுகின்றன.

வெற்றிக் கதை என்னும் வடிவம்

தனிமனித வெற்றி பற்றிய நவீன இலக்கியத்துக்கும் பொறியாளர்களுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட தன்னுதவி பற்றிய நூல் இவ்வகை எழுத்துக்கெல்லாம் முன்னோடி. அவரே அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் நீராவி இரயில் கண்ட ஜார்ஜ் ஸ்டீபன்சனின் வாழ்க்கையை எழுதியவர். பின்னர்ப் பாலங்களும் கால்வாய்களும் அமைத்த பொறியாளர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுதிகளாக வெளியிட்டவர். எளிய பிறப்பு, தளராத உழைப்பு, இயற்கையின் எதிர்ப்பு, ஏளனம் செய்யும் அறிஞர்கள், இறுதியில் வெற்றி என்ற வரிசை அங்கேயே உருவாகிவிட்டது. ஸ்மைல்ஸ் போற்றிய பொறியாளருள் ஒருவர் தாமஸ் டெல்ஃபோர்டு. பெரியாற்றைத் திருப்பியது குறித்துப் பென்னிகுயிக் இலண்டன் பொறியாளர் கழகத்தில் அளித்த ஆய்வுரைக்கு 1897இல் கிடைத்த சிறப்பும் டெல்ஃபோர்டின் பெயரால் அமைந்ததே. கதையின் வார்ப்பு அணைக்கு முன்பே ஆயத்தமாயிருந்தது எனலாம்.

ஆனால் பென்னிகுயிக்கின் வாழ்க்கை அவ்வார்ப்பில் முழுதும் பொருந்துவதில்லை. அவர் எளிய குடும்பத்தில் பிறந்து தானே உயர்ந்தவரல்லர். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் ஒரு படைத்தலைவருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையும் தமையனும் 1849 ஜனவரியில் சில்லியன்வாலாப் போரில் ஒரே நாளில் இறந்தனர். அடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கல்லூரியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 1860இல் இந்தியா வந்தார். அபிசீனியப் போரில் பணியாற்றினார். கிரிக்கெட்டில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார் (கம்பம் பள்ளத்தாக்கின் வழக்காறு இந்த ஈடுபாட்டுக்கு இடம் தரவில்லை). அவரது உயர்வு ஒரு பேரரசின் படைத்துறைக் குடும்பத்துக்கும் அதன் கல்வி நிறுவனத்துக்கும் உரிய உயர்வு. இது அவர் பெருமையைக் குறைப்பதாகாது. அவர் எந்த ஏணியில் நின்று வேலை செய்தார் என்பதைக் காட்டுவதாகும்.

கைமாறி வந்த இலக்கு

பெரியாற்று நீரை வைகைப் படுகைக்குத் திருப்பும் எண்ணம் பென்னிகுயிக் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதிவாகியுள்ளது. இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789இல் இதை ஆராய ஆட்களை மலைக்கு அனுப்பினார். செலவு தம் அரசின் ஆற்றலுக்கு மிஞ்சியது எனக் கண்டு விட்டுவிட்டார். இந்த ஒரு செய்தி தரும் தெளிவு பெரிது. வைகையின் கடைமடையில் இருந்த வறண்ட நாட்டின் அமைச்சர் ஒருவர், ஆற்றின் தலைக்கும் அப்பால், வேறோர் அரசின் மலையில், வேறு திசையில் ஓடும் மற்றோர் ஆற்றைத் தம் நீர்ப்பஞ்சத்துக்கு விடையாகக் கண்டிருக்கிறார். நில அளவைப் படங்கள் இல்லாத காலம் அது. மலைக்குப் போய்வந்த ஏல வணிகரும் காட்டுவழி அறிந்தோரும் தந்த அறிவு இன்றி அவ்வெண்ணம் தோன்றியிருக்க இயலாது.

கம்பெனி ஆட்சியில் 1808இல் கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் இதை ஆராய்ந்தார். நூறு அடிக்கு மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, இது வெறும் கற்பனை, மேலும் கவனிக்கத் தகாதது என்ற பொருளில் அறிக்கை தந்தார். இக்கருத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அவர் காலத்துக் கருவிகளை நோக்கினால் அது நேர்மையான மதிப்பீடே. டைனமைட்டும் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறியும் வருவதற்கு இன்னும் இரு தலைமுறைகள் இருந்தன. ஓர் இலக்கு தவறானதா, காலத்துக்கு முந்தியதா என்பதை அதைக் கைவிட்டவரின் மனவுறுதியைக் கொண்டு அளக்க முடியாது.

1850இல் ஃபேபர் என்ற பொறியாளர் சின்ன முல்லையாற்றில் சிறிய அணை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். நோய் பரவியது, அத்தகைய இடத்தில் வேலை செய்யக் கூடுதல் கூலி வேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர், பணி நின்றது. பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றில் தொழிலாளரின் குரல் தெளிவாகப் பதிவாகும் முதலிடம் இதுவே. அதைத் தடை என்று ஆவணம் குறிக்கிறது. உயிருக்கு ஆபத்தான இடத்தில் வழக்கமான கூலிக்கு உழைக்க மறுத்தவர்கள் செய்ததும் ஒரு கணக்கீடுதான். அதை மனப்பாங்குக் குறை என்று எந்தப் பயிலரங்கும் சொல்லத் துணியாது.

1862இல் கேப்டன் ரைவ்ஸ் மீண்டும் ஆராய்ந்து, 1867இல் 62 அடி உயர மண்ணணைக்குத் திட்டம் அளித்தார். சென்னை அரசு விவாதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் 1876ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சம் வந்தது. பஞ்சம் முதலில் திட்டத்தைத் தள்ளிப்போட்டது. பின்னர் அதுவே திட்டத்தைத் தவிர்க்க முடியாததாக்கியது. திருத்திய திட்டமும் மதிப்பீடும் ஆயத்தம் செய்யும் பொறுப்பு 1882இல் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெற்றது தொண்ணூறு ஆண்டுக் கோப்பு. அதில் பிறருடைய தோல்விகள் அளவுகளாகவும் காரணங்களாகவும் எழுதப்பட்டிருந்தன. முதன்மையான இடர்கள் யாவை என்பது அவருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது: வெள்ளம், காய்ச்சல், தொலைவு, கூலி.

ஐந்தாவது ஓர் இடரும் இருந்தது. அது பொறியியலால் தீர்வதன்று. அணைக்கான இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. 1862 முதல் நீண்ட பேச்சுகளின் முடிவில் 1886 அக்டோபர் 29 அன்று குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திருவிதாங்கூர் சார்பில் திவான் வி. ராமையங்காரும் பிரிட்டிஷ் தரப்பில் ரெசிடென்ட் ஹானிங்டனும் ஒப்பமிட்டனர். 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். காலம் 999 ஆண்டுகள். இக்கையெழுத்து இன்றி ஒரு கல்லும் ஏறியிருக்காது. பேரரசுக்கும் சிற்றரசுக்கும் இடையே இருந்த வலிமை வேறுபாடு அதில் எவ்வளவு பங்கு வகித்தது என்பது பின்னர் இரு மாநிலங்களின் நீண்ட பூசலுக்கு அடியாயிற்று. தனிமனித விடாமுயற்சியாகச் சொல்லப்படும் கதையில் இந்த உடன்படிக்கைக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

சொத்து விற்ற கதை

திட்டத்தின் முதன்மைச் சான்று, அதில் பணியாற்றிய பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதிய பெரியாற்றுத் திட்ட வரலாறு. பணி முடிந்த சில ஆண்டுகளில் எழுதப்பட்ட அந்நூல், வெள்ளத்தில் போன கரைகளையும் காய்ச்சலில் விழுந்த ஆட்களையும் மறைக்காமல் பதிவு செய்கிறது. பென்னிகுயிக்கின் 1897ஆம் ஆண்டு ஆய்வுரையும் உள்ளது. தம் சொத்தையோ மனைவியின் நகைகளையோ விற்று அவர் அணையை முடித்தார் என்பதற்கு ஆவணச் சான்று எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை. அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறை வேலை. அதற்கான செலவு அரசுக் கணக்கில் சென்றது.

கதையின் உள்ளமைப்பிலும் ஒரு முரண் உள்ளது. பணம் கேட்டு மன்றாடும் பொறியாளர், மறுக்கும் அரசு என இரு பாத்திரங்களை அது எதிரெதிரே நிறுத்துகிறது. கட்டுமானத்தின் பிற்பகுதியில் பென்னிகுயிக் மாகாணத்தின் தலைமைப் பொறியாளர் நிலையில் இருந்தவர். அவர் அரசுக்கு எதிரே நின்றவரல்லர். அரசின் ஓர் உறுப்பாக இருந்தவர்.

ஆயினும், ஆவணம் இல்லை என்று சொல்லி இவ்வழக்காற்றைத் தள்ளிவிடுவதோடு ஆய்வாளரின் கடமை முடிவதில்லை. பொதுநலத்துக்காகத் தன் உடைமையை இழப்பது தமிழ் மரபில் தலைமைக்குரிய முதன்மை அடையாளம். குளம் வெட்டியவர், ஏரிக்கரை உடைப்பை அடைக்க உயிர் தந்தவர் பற்றிய கதைகள் நீர்நிலைதோறும் உண்டு. நீர் தந்தவர் எதையேனும் இழந்திருக்க வேண்டும் என்பது அக்கதைகளின் இலக்கணம். அரசுச் சம்பளத்தில் கடமையைச் செய்த அதிகாரியை அவ்விலக்கணம் ஏற்காது. எனவே மக்கள் அவருக்கு ஓர் இழப்பை வழங்கினர். அந்நிய அதிகாரியை ஊர்ப் பெரியவராக்கும் வழி அது. இதே கதை தன்னம்பிக்கை மேடைக்கு வரும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. ஊர்க்கதையில் அவர் கொடையாளி. மேடையில் அவர் வெற்றியாளர். கொடையாளியின் கதையில் நீர் பெற்றவர்கள் நடுவே நிற்கிறார்கள்; வெற்றியாளரின் கதையில் அவர்கள் கை தட்டும் கூட்டமாகிவிடுகிறார்கள்.

பணித்தலத்தில் தலைமை

சான்றுகள் வழியே காணும் பென்னிகுயிக்கின் தலைமை, கதையில் வரும் தலைமையைவிடச் சுவையானது.

முதலாவது, வடிவத்தை மாற்றியது. அதுவரை பேசப்பட்டது மண்ணணை. அவர் திட்டத்தில் அது பெரும் எடையால் நிற்கும் அணையாயிற்று: வெளிமுகங்கள் கருங்கல் கட்டு, உள்ளகம் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்சல்லியும் கலந்த காரை. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. சீமைச் சிமெண்டைக் கப்பலில் இறக்கிக் காட்டுக்குள் கொண்டுபோவதைவிட, மலையடிவாரத்தில் குருவனூத்துப் பகுதியில் கிடைத்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு மேலேற்றுவது இயலக்கூடியதாயிருந்தது. எது சிறந்தது என்பதோடு எது அங்கே போய்ச் சேரும் என்பதையும் கணக்கிட்ட முடிவு இது.

அதனால் அணையின் வரலாறு பாதியளவு போக்குவரத்தின் வரலாறாக இருக்கிறது. இரயில் அம்மையநாயக்கனூரோடு நின்றது. அங்கிருந்து மாட்டுவண்டிகள் பள்ளத்தாக்கு நெடுக நடந்து கூடலூரை அடைந்தன. மலைமேல் கம்பிவடப் பாதை; அதற்கு ஆற்றல் தந்தது நீர்ச்சுழலி. மேலே சென்றபின் டிராம் பாதையும் ஆற்றில் படகும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அணைத்தலத்தில் கொத்தனார் கை கட்டி நிற்க வேண்டும். அரிசிக்கும் இதே வழிதான். அது வராவிட்டால் முகாம் கலைந்துவிடும்.

இரண்டாவது, வெள்ளத்தோடு நடந்த பேரம். 1887இல் பணி தொடங்கியது. ஆற்றின் ஓட்டத்தை ஒதுக்கி அடித்தளம் இட மரமும் மண்ணும் கொண்டு தற்காலிகக் கரைகள் கட்டப்பட்டன. மழை வந்தபோதெல்லாம் அவை அடித்துச் செல்லப்பட்டன. கதையில் இது ஒரே ஒரு பேரழிவு; ஆவணத்தில் இது ஆண்டுதோறும் திரும்பி வந்த இழப்பு. ஒரே அடியில் வீழ்ந்து எழுவது நாடகத்துக்கு ஏற்றது. ஒவ்வொரு பருவமும் எவ்வளவு போகும் என்று எதிர்பார்த்து, போனதைக் கணக்கெழுதி, அடுத்த பருவத்துக்கு ஆள் சேர்ப்பதில் நாடகம் இல்லை. பெரியாற்றில் வென்றது இரண்டாவது வகை.

மூன்றாவது, பொறுப்பைப் பகிர்ந்தது. அணைக்குச் சமமான கடும்பணி, நீர்ப்பிரிமலையைக் குடைந்து 5,700 அடிக்கு மேல் நீண்ட சுரங்கம். ஆற்றை மறிப்பது மட்டும் போதாது. மறித்த நீர் கிழக்கே இறங்க வேண்டும். இச்சுரங்கமும் தொடர்ந்த வெட்டுவாய்க்காலும் வழியாகவே நீர் வைரவனாற்றை அடைந்து, சுருளியாறு வழியே வைகைக்குச் சென்றது. இவ்வேலைகள் மெக்கன்சி போன்ற பல பொறியாளர்களின் நேரடிப் பொறுப்பில் நடந்தன. 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தபோது, ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரத்துக்கு அணை நின்றது.

காய்ச்சல் மட்டும் எவருடைய கணக்குக்கும் அடங்கவில்லை. பணித்தலத்தில் நோயால் இறந்தோர் 483 பேர் எனக் குறிக்கப்படுகிறது. அணைக்கு வடக்கே அவர்களுக்கான இடுகாடு உள்ளது. காய்ச்சலோடு மலையிறங்கித் தம் ஊரில் இறந்தவர்கள் அந்த எண்ணில் அடங்க வழியில்லை. குளிரையும் காய்ச்சலையும் தாங்கத் தொழிலாளருக்குக் கிடைத்தவற்றுள் சாராயமும் ஒன்று. அது இல்லாவிட்டால் அணை முடிந்திராது என்ற கருத்தை மெக்கன்சி ஒளிவின்றி எழுதியிருக்கிறார். தலைமைப் பண்பு பற்றிய எந்த நூலிலும் இச்செய்தி சேர்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பணித்தலத்தை அறிந்தவர் எழுதியது அதுதான்.

போடிக்கு மேலே: மன்றோவின் இலக்கு

ஒப்பீட்டுக்கு மற்றொரு முயற்சியை நோக்கலாம். ஜான் டேனியல் மன்றோ திருவிதாங்கூர் அரசில் ஏலமலைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். உயர்மலைகளில் நடந்து திரிந்து அவற்றின் தட்பவெப்பத்தையும் மண்ணையும் அறிந்தவர். அவர் கண்ட இலக்கு தெளிவானது: இங்கே தோட்டம் அமைக்கலாம். 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் உருவாயிற்று. 1880இல் அம்மலைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

தன்னம்பிக்கை நூல் கேட்கும் எல்லாம் மன்றோவிடம் இருந்தன. தொலைநோக்கு இருந்தது, கள அறிவு இருந்தது, ஆவணமும் கையில் இருந்தது. ஆனால் காப்பி, சிங்கோனா, ஏலம் எனப் பலவற்றை நட்டுப் பார்த்த தனித்தனித் தோட்டக்காரர்கள் தத்தளித்தனர். 1880இல் ஏ. எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் சிறு பரப்பில் நட்ட தேயிலைதான் பின்னர் மலையை ஆண்டது. 1890களில் ஃபின்லே மூர் நிறுவனம் உள்ளே வந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. முன்னோடிகளின் தோட்டங்கள் பெருமூலதனத்துக்குள் அடங்கின. மலையின் பெயரோ மன்றோவுடையதாக அமையவில்லை. அஞ்சுநாட்டுப் பகுதியைச் சேர்ந்த கண்ணன் தேவன் என்ற முதுவர் தலைவரின் பெயரால் அது வழங்குகிறது என்பது மரபு. ஒரு முதுவரின் பெயர் உலகத் தேயிலைப் பெட்டிகளில் அச்சானது. முதுவர் குடிகளுக்கு அத்தேயிலையில் பங்கில்லை.

தேயிலை கீழே இறங்கிய வழியே இக்கட்டுரையின் களத்துக்கு நெருக்கமானது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக முகடு வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது; 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாயிற்று. முகட்டிலிருந்து கம்பிவடம் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கியது. அங்கிருந்து மாட்டுவண்டி போடிநாயக்கனூருக்கும், பின் அம்மையநாயக்கனூர் இரயிலுக்கும் சென்றது. பெரியாற்றுக்குச் சாமான் ஏறிய அதே நிலையம். அதே கம்பிவட உத்தி. இரு முயற்சிகளையும் தாங்கியவை இம்மாட்டுவண்டிப் பாதைகள். 1924 ஜூலை வெள்ளம் குண்டளை இருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவில்லை. 1928இல் மதுரையிலிருந்து இரயில் போடிக்கு வந்து சேர்ந்தபோது, அதற்கு மேலே இணையாயிருந்த பாதை இல்லாமற்போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெரியாற்றில் இழந்த கரையை மறுபடி கட்டினர். குண்டளையில் இழந்த பாதையைக் கைவிட்டனர். இதை மனவுறுதியின் வேறுபாடு என்று சொன்னால் அது வரலாறாகாது. முன்னதில் வரி செலுத்தும் நிலம் பின்னணியில் இருந்தது. பஞ்சத்தின் நினைவும் இருந்தது. பின்னதில் இலாபக் கணக்கு வேறு வழியைக் காட்டியது. வீழ்ந்ததை மீண்டும் எழுப்புவதா என்பதைத் தீர்மானித்தது, இழப்பை ஏற்கும் நிறுவனம் எது என்பதே.

நினைவின் அரசியல்

அணை திறக்கப்பட்டபோது அதன் முதன்மைப் பாசனப் பரப்பு மதுரை, மேலூர்ப் பகுதிகளைச் சேர்ந்தது. ஆனால் பென்னிகுயிக் வழிபாடு மிக வலுவாக இருப்பது மலையடிவாரக் கம்பம் பள்ளத்தாக்கில். பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் பிறந்தநாளை ஒட்டிப் பொங்கல் வைக்கப்படுகிறது. அவர் பிறந்தது தை பிறக்கும் நாட்களில் என்பது வழிபாட்டுக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

இந்நினைவு ஒரு நூற்றாண்டாக ஒரே அளவில் இருந்ததெனக் கொள்ள இயலாது. 1979இல் அணையின் பாதுகாப்புப் பற்றிய அச்சம் எழுந்து நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவு தந்தது; கேரளம் சட்டத்தால் அதைத் தடுத்தது; 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. இடையில் 2011இன் இறுதியில் எல்லையோர ஊர்கள் கொந்தளித்தன. மலைத்தோட்டங்களுக்கு அன்றாடம் வேலைக்குச் சென்று வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அக்காலத்தில் பட்ட துன்பம் தனியே எழுதத்தக்கது. 2013 ஜனவரி 15 அன்று கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைப் பெற்றது. 2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேம்பர்லியில் தமிழக அரசு சிலை நிறுவியது. நீருரிமை நெருக்கடிக்கு உள்ளான பின்னரே அரசு சார்ந்த நினைவுச் சின்னங்கள் பெருகின. உடன்படிக்கையின் பிரிவுகளைக் கொண்டு வாதிடுவது நீதிமன்றத்தின் வேலை. ஒரு முகத்தைக் கொண்டு வாதிடுவது ஊரின் வேலை. அந்த முகமாகப் பென்னிகுயிக் அமைந்தார். சொத்து விற்ற கதைக்கு இச்சூழலில் கூடுதல் வலு உண்டு: தன் பொருளை இழந்து ஒருவர் கட்டித் தந்த நீரை எவரும் குறைக்கக் கூடாது என்ற அறவாதம் அதனுள் அடங்கியிருக்கிறது.

போடிநாயக்கனூருக்கு இந்நீர் தாமதமாகவே கிடைத்தது. ஊருக்கு உரிய ஆறு கொட்டகுடி ஆறு. பெரியாற்று நீர் போடி வட்டத்தைத் தொடுவது 18ஆம் கால்வாய் வழியாக. உத்தமபாளையம், போடிநாயக்கனூர் வட்டங்களில் 4,614 ஏக்கர் அதன் பரப்பு. அதிலும் நீர் திறப்பது அணையின் இருப்பைப் பொறுத்தது. கால்வாயில் நீர் வரும் நாளில் விவசாயிகள் மலர் தூவி வரவேற்கிறார்கள். அப்போது உச்சரிக்கப்படும் பெயர் பென்னிகுயிக்கினுடையது. முத்திருளப்ப பிள்ளைக்கு அங்கே ஒரு பூவும் இல்லை. 1850இல் கூலி உயர்வு கேட்டுத் திரும்பிப் போனவர்களுக்கும் இல்லை. அணைக்கு வடக்கே உள்ள இடுகாட்டுக்கு இன்று நினைத்தபோது எவரும் சென்றுவர இயலாது. அது புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் உள்ளது. அணைப்பகுதிக்குச் செல்ல இசைவு வேண்டும்.